ஜூன் ஒன்றாம் தேதி குத்திய முத்திரை

என் வீட்டுக்காரரை நான் முதன்முதலில் சந்தேகப்பட்டது ஒரு முத்திரையைப் பார்த்துத்தான். கல்யாணமாகி எட்டு வருஷம் அவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அந்த எட்டு வருஷத்தில் தென்காசியில் என்னோடு இருந்தது, எல்லா லீவையும் சேர்த்தால்கூட, பதினான்கு மாதம். மிச்ச நாளெல்லாம் அவர் எங்கே சாப்பிட்டார், யாரோடு பேசிச் சிரித்தார் என்று நான் கேட்டதில்லை. கடுதாசி வரும், நலம் என்று இருக்கும். நானும் நலம் என்று எழுதிப் போடுவேன். கண்ணில் ஏதாவது படாதவரை மனுஷிக்குச் சந்தேகம் எப்படி வரும்?

கண்ணில் பட்டது ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஜூலை மாதம். மூன்றாம் தேதி காலை, சாரல் தூறிக்கொண்டிருக்கும்போது, ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார். பாதி வண்டியை ஒரு மரப்பெட்டி அடைத்திருந்தது. உள்ளே தையல் மெஷின், காலால் மிதிக்கிறது. தறிச் சத்தம் மட்டுமே கேட்ட எங்கள் தெருவில் அதுவரை யார் வீட்டிலும் மெஷின் கிடையாது. பெண்டுகள் வாசலில் கூடிவிட்டார்கள். “இம்புட்டுக் கனத்த சாமானுக்குத் துறையில வரி தீட்டியிருப்பானே?” என்று ஒருத்தி கேட்டாள். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு மெஷின்தான் கண்ணில் நின்றது. அந்த வெடுக்கென்ற பேச்சை நான் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது பாஸ்போர்ட் கையில் கிடைத்தது. அதிலுள்ள படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரோ காலை மிதித்துவிட்டதுபோல முறைத்துக்கொண்டிருப்பார். பார்த்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். நான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் மாதம் பன்னிரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசியாகக் குத்தியிருந்த முத்திரை, தனுஷ்கோடியில் கரை இறங்கியதற்கு. தேதி ஜூன் ஒன்று.

ஜூன் ஒன்றாம் தேதி தனுஷ்கோடியில் இறங்கிய மனுஷன் ஜூலை மூன்றாம் தேதி வீட்டுக்கு வருகிறார். மதுரையில் ரயில் மாறி வருவதற்கு ஒன்றரை நாள், போனால் போகிறது, இரண்டு நாள். மிச்சம் ஒரு மாதம் எங்கே போயிற்று? தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது குத்திய முத்திரையும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் மை ஊறி, தேதியே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. தானாக ஊறியதா, ஊற வைத்ததா? 

கேட்டிருக்கலாம். நேரே போய், இது என்ன என்று மூஞ்சிக்கு முன்னால் நீட்டியிருக்கலாம். என் புத்தி அப்படிப் போகவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்வார், அதை நம்பித் தொலைக்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு, அன்றிலிருந்து அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

வேவு பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே தப்பாகத்தான் தெரியும். மீன் குழம்பு நன்றாயிருக்கிறது என்றால், என்றைக்கும் சொல்லாத மனுஷன் இன்றைக்கு ஏன் சொல்கிறார் என்று யோசிப்பேன். நாலு வயது மகளைத் தூக்கிக் கொஞ்சினால், எங்கேயோ ஒரு பிள்ளையைக் கொஞ்சிப் பழகிய கை மாதிரி இருக்கிறதே என்று நினைப்பேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அப்போது நெஞ்சு எரிந்தது.

இதில் குற்றாலம் வேறு சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், “குத்தாலம் வரைக்கும் போயிட்டு வாரேன்” என்று பஸ் ஏறிவிடுவார். சீசன் நேரம், அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, போகட்டும் என்று முதல் வாரம் விட்டேன். இரண்டாம் வாரம் அவர் திரும்பி வந்தபோது தலையைப் பார்த்தேன். ஒரு முடி நனையவில்லை. துண்டு மடித்தது மடித்தபடி இருந்தது. ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போய்விட்டு உலர்ந்த தலையோடு வருகிறவன் எவனாவது உண்டா?

“குளிக்கலியா?” என்று கேட்டேன்.

“கூட்டம்” என்றார்.

“அருவிக்கு அஞ்சாறு இருக்குல்லா? அஞ்சுலயுமா கூட்டம்?”

“ஏட்டி, சோத்தப் போடு.”

அடுத்த வெள்ளிக்கிழமை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தலை முதல் கால் வரை சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன். துப்பட்டி போட்ட பெண்கள் பத்துப் பேர் நின்றால் பெற்ற தாய்க்கே மகளை அடையாளம் தெரியாது. அந்தத் தைரியம்தான். குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஈர வேட்டியோடு ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் நடுவில் அவரைத் தேடினேன். அருவிப் பக்கமே அவர் இல்லை. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், பெரிய உத்தியோகஸ்தர்கள் வந்து தங்குகிற ஒரு பங்களா வாசலில், கையில் ஒரு மாம்பழக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.

பங்களா வராந்தாவில் ஒருத்தி தலையை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். நல்ல சிவப்பு. உள்ளே கையைக் காட்டி ஏதோ சொன்னாள். இவர் சிரித்துக் கும்பிட்டுக் கூடையைப் படியில் வைத்தார். அட பாவி மனுஷா! எனக்கு நீ ஒரு மாம்பழம் வாங்கித் தந்தது உண்டா? அவர் திரும்பி என்னைத் தாண்டித்தான் போனார். துப்பட்டிக்குள் நின்றது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் நான் அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பேன், சோற்றைப் போடுவேன், அவ்வளவுதான். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததும் ஒரு குற்றமாகப் போயிற்று. குற்றம் செய்யாதவன் கேட்டிருப்பானே!

செப்டம்பர் முதல் வாரம் அவர் டிரங்குப் பெட்டி முன்னால் பாஸ்போர்ட்டை விரித்து வைத்துக்கொண்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

“என்ன பாக்கீக? ஜூன் ஒண்ணாந் தேதி எறங்கின ஆளு ஜூலை மூணு வரைக்கும் எவ வீட்டுல கெடந்தீகன்னு பாக்கீகளா? அந்தப் பங்களாக்காரி வீட்டுலயா?”

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. முதலில் பயம், பிறகு ஆச்சரியம், பிறகு, அல்லாவே, சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அவ ஆபீசர் பெஞ்சாதி, ஏட்டி. அந்த ஆபீசரு துறைமுகப் பக்கத்துல வேலையா இருக்கவரு, சீசனுக்கு வந்திருக்காரு. நான் எறங்கினது ஜூலை ஒண்ணு. எவனோ அவசரத்துல நாளத் திருப்பிட்டு மாசத்தத் திருப்பாமக் குத்திட்டான். மதுரையில ரயில் மாறும்போதுதான் பாத்தேன். இதச் சரி பண்ணித் தருவாரான்னு வாரா வாரம் போய் அங்கன நிக்கேன். போறப்பல்லாம் மனுஷன் எண்ணெ தேச்சுக் குளிக்கப் போயிருக்காரு, இல்ல குளிச்சிட்டு ஒறங்குதாரு. போன வாரம் மூட்டையக் கட்டிட்டாரு.”

விஷயம் இதுதான். அவருடைய கொழும்பு பெர்மிட்டில், வெளியே போனால் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. உண்மையான கணக்குக்குச் செப்டம்பர் முப்பது வரை நாள் உண்டு. தலைமன்னார் முத்திரை கறுத்துக் கிடந்ததால் தனுஷ்கோடி முத்திரையைத்தான் பார்ப்பார்கள், அந்தக் கணக்குக்கோ ஆகஸ்டோடு முடிந்துபோயிற்று. அது இந்தியாக்காரனைத் திருப்பி அனுப்ப ஒரு சாக்கு அகப்படாதா என்று அந்தக் கரையில் பார்த்துக்கொண்டிருந்த காலம். முத்திரையைத் திருத்தாமல் போனால் தலைமன்னாரிலேயே திருப்பி விடுவார்கள், கடை வேலை போய்விடும்.

எனக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது. மறு பக்கம் சந்தேகம் விடவில்லை. “ஜூலையிலேயே தெரிஞ்சிருக்கு. ஆகஸ்டு முடியுமுன்ன கப்பல் ஏறியிருந்தா ஒரு கரைச்சலும் இல்லயே. ஏன் ஏறல?” என்று கேட்டேன். அவர் பாஸ்போர்ட்டை மூடி உள்ளே வைத்தார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?” என்றேன்.

“சொன்னா நீ சந்தோசப்படுவியோன்னு பயந்தேன்” என்றார்.

அந்தப் பேச்சு சுருக்கென்றது. ஏனென்றால், இனி அவர் போக முடியாதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் தாலுகா ஆபீஸ் எதிரே டைப் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் போனோம். நானும் கூடப் போனேன், இனிமேல் எதையும் தனியாக விடுவதாக இல்லை. மனு எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முத்திரையைப் பார்த்தார்.

“நடக்கிறதுதான் பாய். முப்பது போயி ஒண்ணு வந்த நாளு, மாசத்த மறந்திருப்பான். ஆனா நீரு சொன்னா அவன் நம்பணுமே! சாமானச் சோதிச்சப்ப சுங்கத்துல ரசீது குடுத்திருப்பான்லா? அதுல கையால தேதி எழுதியிருக்கும். அத வச்சா ஒரு நிமிசத்துல திருத்திருவான்.”

“அது தொலஞ்சு போச்சு அண்ணாச்சி” என்றார் இவர். அதே வெடுக்கென்ற குரல். மெஷின் வந்த அன்று வாசலில் கேட்ட குரல்.

இவரா தொலைப்பார்? கொழும்பில் ஏறி இறங்கிய டிராம் டிக்கெட்டைக்கூட ரப்பர் போட்டு வைத்திருக்கிற மனுஷன்! மனு எழுதுகிறவர் தலையை ஆட்டிக்கொண்டே, ரசீது இல்லாமல் ஒரு மனுவை அடித்துக் கொடுத்தார். அதைத் தபாலில் சேர்த்துவிட்டு இவர் பள்ளிவாசலுக்குப் போனார். நான் வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன்.

பெட்டிக்குள் அடியில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் ஒரு மூலையில் எழும்பி இருந்தது. விரலை விட்டேன். ரசீது. தேதி, கையால் எழுதியது, ஜூலை ஒன்று. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு மாதமும் கிடையாது, ஒருத்தியும் கிடையாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் படித்தேன். தையல் மெஷின் ஒன்று. பித்தளைப் பாத்திரம், துணிமணி. அதற்குக் கீழே எழுத்துக் கூட்டிப் படித்ததில் “பெர்மனண்ட்” என்று வந்தது. டீச்சர் வேலை பெர்மனண்ட் ஆகிவிட்டதா என்று ஊரில் கேட்பார்களே, அந்தச் சொல். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிரந்தரமாக ஊர் திரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுச் சாமானுக்கு வரி கிடையாது. கொழும்பிலிருந்து வருகிற எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள். மூன்று மாதம் கழித்து அதே துறையில் கூச்சநாச்சம் இல்லாமல் கப்பலும் ஏறுவார்கள். தெருவில் அதை யாரும் பொய் என்றே நினைப்பதில்லை, அது ஒரு பழக்கம். எனக்கு ஒரு மெஷின் கொண்டுவர வேண்டும் என்று இவரும் அந்தப் பழக்கத்தைச் செய்திருக்கிறார். தேதியைத் திருத்தக்கூடிய ஒரே காகிதம், இவர் இனிக் கொழும்புக்குப் போகவே மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட காகிதம்.

காட்டினால் வரியும் அபராதமும் கட்டச் சொல்வார்கள், நாலு ஏச்சு விழும். ஆனாலும் முத்திரை திருந்தும். துணிந்தால் போகலாம். அவர் துணிந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

நான் செய்ததை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய தலையணையை எடுத்தேன். ஒரு ஓரத்தைப் பிரித்தேன். ரசீதை எட்டாக மடித்து இலவம்பஞ்சுக்கு நடுவில் செருகினேன். அவர் எனக்காகக் கொண்டுவந்த மெஷினில் அந்த ஓரத்தை வைத்து இரட்டைத் தையல் போட்டேன். மெஷினில் நான் உருப்படியாகத் தைத்த முதல் தையல் அதுதான். 

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. சுங்க ரசீதோடு நேரில் வந்தால் திருத்தித் தரலாம் என்று எழுதியிருந்தார்கள். செப்டம்பர் முடிய இன்னும் ஆறு நாள். அவர் கடுதாசியை இரண்டு முறை படித்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பூப்போட்ட காகிதத்தைத் தூக்கினார். நான் மெஷினில் உட்கார்ந்து மகளுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். காலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும், அவர் திரும்பிப் பார்ப்பார்.

அவர் உள்ளங்கையால் பெட்டியின் அடியை மெதுவாகத் தடவினார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. பிறகு காகிதத்தைப் பழையபடி அமுக்கிவிட்டு எழுந்தார்.

“இல்ல” என்றார்.

“எது?”

கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று நினைக்கிறேன். “ஒண்ணுமில்ல. ரசீது நெசமாவே தொலஞ்சு போச்சு போல” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

செப்டம்பர் போயிற்று. பெர்மிட்டும் போயிற்று. கொழும்புக் கடையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று கடுதாசி வந்தது. சீசனில் குற்றாலத்தில் ஒரு சின்னக் கடை பிடித்துத் துண்டும் சோப்பும் விற்றார். சீசன் முடிந்தால் சைக்கிளில் துணி மூட்டையை வைத்துப் பாவூர்சத்திரம் சந்தை வரை போவார். நான் தெருவுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தேன். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் நனைந்த தலையோடு ஒரு மனுஷன் வீட்டுக்கு வந்தார். அதற்கு ஈடு எனக்கு எதுவும் இல்லை.

சந்தேகம் மட்டும் போகவில்லை, இடம் மாறிவிட்டது. முன்பு அவர் என்ன செய்தார் என்று சந்தேகம், இப்போது அவருக்கு என்ன தெரியும் என்று சந்தேகம். ரயில் கூவினால் அவர் முகத்தைப் பார்ப்பேன். கொழும்பிலிருந்து யாராவது லீவில் வந்து பேசிக்கொண்டிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். ஒரு நாளாவது, ஒரு கோபத்திலாவது சொல்லிக் காட்டுவார் என்று ஆறு வருஷம் காத்திருந்தேன். காத்திருந்து காத்திருந்து சில நாள் நானே சொல்லிவிடலாமா என்று வாய் வரை வரும். பயத்தில் விழுங்கிவிடுவேன். ஒரு மனுஷனுடைய பிழைப்பை எடுத்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்தவளை யார் மன்னிப்பார்கள்?

அறுபத்து நாலு மார்கழியில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. ரேடியோவில் சொன்னார்கள், பேப்பரில் போட்டார்கள். ரயிலோடு போன ஜனங்களை நினைத்து ஊரே வாயில் கை வைத்தது. அவர் அந்தத் துறையில் எத்தனை முறை ஏறி இறங்கியவர்! ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கரையில் டீ ஊற்றுகிற ஒரு கிழவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார். கப்பல் வந்து அணைகிற பாலம், கஸ்டம்ஸ் கொட்டகை, முத்திரை குத்துகிற மேஜை, பேர் எழுதுகிற பெரிய நோட்டு எல்லாம் தண்ணீருக்குள் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட்டார். பாயை விரித்துத் தலையணையைப் போட்டுச் சாய்ந்தார். நான் மெஷினில் இருந்தேன்.

“ஏட்டி, அந்த நோட்டும் போச்சு, மேஜையும் போச்சு. இனிமே இந்தத் தலையணையப் பிரிச்சிரலாம்லா?” என்றார்.

 மெஷின் தானாக நின்றது.

“ஆறு வருசமாக் காதுக்குள்ள சரசரங்குது. பொரண்டு படுத்தா ஒரு சத்தம், நிமிந்து படுத்தா ஒரு சத்தம். பஞ்சு சத்தம் போடுமா?”

“தெரியுமா?” என்று கேட்டேன். 

“பெட்டியில இல்லன்னப்பவே சந்தேகம். அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சு போச்சு.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல? இன்னும் ஆறு நாள் இருந்துச்சே!”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “கேட்டா நீ எடுத்துக் குடுத்திருவியே” என்றார்.

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆறு வருஷம்! ஆறு வருஷம் என்னைப் பயத்திலேயே வைத்திருந்த மனுஷன்! எழுந்து போய் அவர் தலைக்கடியிலிருந்து அந்தத் தலையணையை உருவி, அதாலேயே ஓங்கி ஒரு அடி போட்டேன். அடித்த அடியில் உள்ளே காகிதம் சரசரத்தது. எனக்கு அது அன்றைக்குத்தான் கேட்டது.